கொதிக்கும் காரும் கொல்லைப்புறப் பட்டறையும்

சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தலைகாட்டத் தொடங்கிவிட்டால், பழைய கார் வைத்திருக்கும் இல்லங்களுக்குச் சோதனைக் காலம் வந்துவிடுகிறது. மாரிக் காலத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, வெயில் ஏறியதும் பாதி வழியிலே ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிடும். குடும்பத்தார் புளியமர நிழலில் இறங்கி நிற்க, குடும்பத் தலைவர் குடத்துடன் கிணறு தேடிப் புறப்படுவார். இந்தச் சூட்டு நோயைப் பற்றியும், அதனை எந்த அளவுக்கு நம் வீட்டு முற்றத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றியும் இம்மாதம் எழுதக் கருதுகிறோம்.

இதற்குக் காரணமாய் அமைந்தது ஒரு கடிதம். திருக்கழுக்குன்றத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தந்தையார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், நான்கு கதவுகள் உடையது, இன்றும் அவரிடம் இருக்கிறது. அவருடைய துணைவியாருக்கு முழங்கால் வலி. பேருந்துப் படியில் கால் வைக்க இயலாது. ஞாயிறு பூசைக்கும், மாதந்தோறும் செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்கும் அந்தக் கார்தான் அவ்வம்மையாருக்குக் கால். அண்மைக் காலமாக அது கொதிக்கத் தொடங்கிற்று. பட்டறை ஒன்றில் காட்டியபோது, எஞ்சினை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று கூறி ஒரு தொகையும் சொல்லிவிட்டார்களாம். அத்தொகை அவருடைய ஓய்வூதியத்தில் மூன்று மாதங்களை விழுங்கக்கூடியது. "எடைக்குப் போட்டுவிடுங்கள், அப்பா" என்கிறான் மகன். "அது போனால் நானும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்" என்கிறார் அம்மையார். வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்பதே ஆசிரியரின் வினா.

அந்தக் கார் நம் மண்ணின் பிள்ளை என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1948-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு ஸ்டாண்டர்டு கார் நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை, சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்கு வரும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரில் இருந்தது. முதலில் வான்கார்டு, பின்னர் ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு என ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. இங்கிலாந்தில் டிரயம்ப் என்னும் பெயரோடு 1959-இல் வெளிவந்த அந்த ஹெரால்டுக்கு உருவம் தந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. அங்கே அதற்கு இரண்டு கதவுகளே. பாட்டியும் பேரர்களும் பின்னிருக்கையில் ஏறி இறங்க இரண்டு கதவுகள் போதா என்று கண்டு, நான்கு கதவுகள் அமைத்தவர்கள் நம் வண்டலூர்க்காரர்களே. 1970களில் கெஸல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வந்தது, அது விலைபோகவில்லை. 1988-இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. வண்டலூர் இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. அதே சாலையில், மறைமலை நகரில், 1999 முதல் கார் செய்துவந்த ஃபோர்டு தொழிற்சாலையும் 2022-இல் அதனை நிறுத்திற்று. தாய் மறைந்த பின்னும் பிள்ளைகள் வாழ்வது போல, தொழிற்சாலை மறைந்தும் அதன் கார்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. அவற்றிற்குக் கம்பெனிப் பட்டறை இல்லை. கம்பெனி உதிரிப் பாகமும் இல்லை. ஆகவே உடையவரே ஓரளவு வைத்தியராக இருந்தால்தான் அவை பிழைக்கும்.

ஹெரால்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் பானட் மட்டுமன்றி, இரு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளும். எஞ்சின் முழுவதும் திறந்த வெளியில் நிற்கும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே ஒருவர் வேலை பார்க்கலாம். அம்பாசடரின் பானட்டுக்குள் தலையை நுழைத்து முதுகு வலி வாங்கியவர்கள் இதன் அருமையை அறிவர். வீட்டில் வைத்துப் பழுதுபார்க்கவென்றே செய்த கார் என்று சொன்னால் மிகையாகாது.

இனி நோய்க்கு வருவோம். காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அடையாளம் என்று மருத்துவர்கள் கூறுவார்கள். கார் சூடாவதும் அவ்வாறே. எரிகின்ற பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே இத்தகைய பழைய எஞ்சினில் சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாகிறது. எஞ்சியதில் ஒரு பெரும் பகுதி புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. மற்றொரு பெரும் பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்து சென்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீள்கிறது. இந்தச் சுற்று எங்கே தடைப்பட்டாலும் விளைவு ஒன்றே: கொதிப்பு. நீர் குறைந்தாலும் கொதிக்கும். பம்பு ஓய்ந்தாலும், பெல்ட் தளர்ந்தாலும், ரேடியேட்டர் அடைத்தாலும், பொறி பிந்திப் பிறந்தாலும் கொதிக்கும். ஹெட் கேஸ்கட் போனாலும் கொதிக்கும். இவற்றுள் கடைசி ஒன்றிற்கே எஞ்சினின் தலையைத் திறக்க வேண்டும். எடுத்த எடுப்பில் அதைச் செய்வது, இருமல் கண்டவனுக்கு நெஞ்சைப் பிளந்து பார்ப்பதை ஒக்கும்.

பட்டறைக்காரரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அவருக்கு முன்னால் பத்து வண்டிகள் காத்திருக்கின்றன. இன்றைய கார்களில் கணினிக் கருவியைச் செருகினால் குற்றம் இன்னதென்று எண்ணாகக் காட்டிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த இளம் மெக்கானிக்குக்கு, செருகுவதற்கு இடமே இல்லாத ஒரு கார் வந்து நின்றால் என் செய்வார்? பொறுமையாக உட்கார்ந்து பார்க்கும் நேரம் அவரிடம் இல்லை. அந்த நேரம் ஓய்வுபெற்றவரிடம் உண்டு.

ஆசிரியருக்கு மறுமொழியாக நாம் கேட்டது ஒரே வினா: எப்பொழுது கொதிக்கிறது? இவ்வினா அற்பமானதன்று. நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் கொதித்து, வேகமெடுத்தவுடன் தணிகின்ற காரில், குறை பெரும்பாலும் காற்றிலே இருக்கும். விசிறி, பெல்ட், ரேடியேட்டரின் முகத்தில் அடைந்த தூசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்கிய ஐந்தாறு நிமிடங்களிலேயே கொதித்தால் தெர்மாஸ்டாட் திறவாமல் சிக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது கேஸ்கட்டை ஐயுறலாம். ஊருக்குள் ஒன்றும் இல்லாமல், நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாகச் செல்லும்போது மட்டும் கொதித்தால், காற்றுக்குக் குறைவில்லை. நீரோட்டமே போதவில்லை என்று பொருள்.

ஆசிரியரின் மறுமொழி தெளிவாக இருந்தது. ஊருக்குள்ளும், செங்கற்பட்டுக்கு நிதானமாகப் போய்வரும்போதும் தொல்லை குறைவு. மாமல்லபுரம் சென்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, கோவளம் நோக்கி வேகமெடுத்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஆவி கிளம்பிவிடும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். ஆக, நீரோட்டம். ஒரு சனிக்கிழமை முற்பகல் நாம் நேரிலேயே சென்றோம். மகனும், பாலிடெக்னிக்கில் பயிலும் மகளும் உடனிருந்தார்கள். எடைக்குப் போடச் சொன்ன மகன்தான் முதலில் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது. அம்மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. சதுர அங்குலத்திற்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை ஒன்றரை டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலாக உயரும். ஏழு பவுண்டு மூடி இருந்தால் 110 டிகிரியிலும் நீர் கொதியாமல் இருக்கும். அந்த நிலையில் மூடியைத் திருகினால், அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். சாலையோரத்தில் அவசரப்பட்டுக் கண்ணை இழந்தவர்கள் உண்டு. கை வைத்துப் பொறுக்கும் அளவுக்கு ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது விசிறிக்கு அருகில் மேல்துண்டு, தாவணி, தொங்கும் தாலிச்சங்கிலி எதுவும் வரலாகாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடலாகாது; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிரைப் பறிக்கும்.

எஞ்சின் குளிர்ந்திருந்தபோதே, கேஸ்கட்டின் மேல் உள்ள ஐயத்தை முதலில் தீர்த்துக்கொண்டோம். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்புறம் பார்த்தோம். நீர் கலந்திருந்தால் அங்கே தயிராடை போன்ற வெண்மை படிந்திருக்கும். இல்லை. ஆயில் அளவு ஏறியிருக்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினைக் கிளப்பி உடனே நீரைப் பார்த்தோம். கேஸ்கட் கிழிந்திருந்தால் சிலிண்டரின் காற்று நீரில் குமிழ் குமிழாக வரும். அதுவும் இல்லை. புகைக்குழாயில் வெண்புகையும் இல்லை. "அப்படியானால் எஞ்சினை இறக்க வேண்டாமா, ஐயா?" என்று அம்மையார் வாயிற்படியிலிருந்து கேட்டார். இன்றைக்கு வேண்டாம் என்றோம்.

அடுத்து மகளை முடுக்கியில் கால் வைக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குச் செல்லும் கீழ் ஓஸ் பைப்பைக் கவனித்தோம். மெதுவாக ஓடும்போது அது உருண்டையாகவே இருந்தது. எஞ்சினின் ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட, உறிஞ்சப்பட்ட கன்னம் போல அந்த ஓஸ் உள்ளே ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தவுடன் பழையபடி உருண்டது. காரணம் எளிது. பம்பு அந்தப் பக்கத்திலிருந்துதான் நீரை இழுக்கிறது. வேகம் கூடினால் இழுப்பும் கூடும். ரப்பர் முதுமையால் தளர்ந்திருந்தால், அந்த இழுப்பைத் தாங்காமல் தட்டையாகி, நீர் அதிகமாக வேண்டிய நேரத்திலேயே வழியை அடைத்துவிடும். இதைத் தடுக்கவே சில ஓஸ்களுக்குள் சுருள் கம்பி இட்டிருப்பார்கள். நின்ற வண்டியைக் கண்ணால் நோக்கினால் இக்குறை புலப்படாது. பட்டறையிலும் வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது.

ஓஸ் தட்டையாவதற்கு அதன் தளர்ச்சி மட்டும் காரணமாக இராது. ரேடியேட்டர் அடைத்து, வேண்டிய நீரைத் தர மாட்டாமற்போனாலும் இழுப்பு மிகும். ஆதலால் நீர் முழுவதையும் வடித்தோம். வந்தது நீரன்று; செம்மண் கரைசல். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி கொண்டு குத்தியபின் துருவும் சேறும் கட்டியாக விழுந்தன. புதிதாக நீர் ஊற்றி அளந்து பார்த்தபோது, கைப்புத்தகத்தில் குறித்த அளவைவிட ஒரு லிட்டருக்கு மேல் குறைவாகவே ஏற்றுக்கொண்டது. குறைந்த அந்த இடம் முழுவதும் சுண்ணமும் துருவும் குடியிருக்கின்றன என்று பொருள். எந்தப் பழைய காரிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். வேண்டுவது ஓர் அளவுக் குவளையும் கைப்புத்தகமும் மட்டுமே.

இவ்வளவு சுண்ணம் எங்கிருந்து வந்தது? ஆசிரியர் வீட்டு ஆழ்குழாயிலிருந்துதான். நம் கடற்கரையோரத்து நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. கடலை நெருங்க நெருங்க உப்பும் ஏறுகிறது. தேநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிகிறதே, அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கொதித்து ஆவியாகும் ஒவ்வொரு முறையும் நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மறுபடியும் அதே நீரை ஊற்றினால் மறுபடியும் உப்பு. இப்படி ஓராண்டு நடந்தால், கார் தன் நோய்க்குத் தானே மருந்தென்று நஞ்சை உண்டதாக ஆகிறது. நம் கரையிலேயே கல்பாக்கத்தில் 1980களிலிருந்து இயங்கிவரும் சென்னை அணுமின் நிலையத்தைப் பாருங்கள். நீராவியைக் குளிர்விக்கக் கடலடிச் சுரங்கம் வழியாகக் கடல்நீரை எடுத்துக்கொள்கிறார்கள். ஆயினும் அணு உலைக்குள் ஓடும் நீர் வேறு. அது மிகத் தூய்மையாகக் காக்கப்படுகிறது. கடல்நீர் அதனோடு கலப்பதில்லை. ஒரே நீர் சுற்றிச் சுற்றி வரவேண்டிய இடத்தில் கண்ட நீரையும் விடலாகாது என்பது பெரிய உலைக்கும் சிறிய காருக்கும் பொது.

ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, தோட்டத்து ஓஸால் கீழ் வாயிலிருந்து மேல் வாய்க்கு நீர் பாய்ச்சினோம். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் பாய்ச்சினால்தான் சிக்கிய துகள்கள் வெளிவரும். முதலில் செந்நீர்; பின்னர் மஞ்சள்; முக்கால் மணி நேரம் சென்றபின் தெளிவு. அப்போதும் சுண்ணம் சற்று எஞ்சியிருந்தது. பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் நம் இல்லத்தரசியர்க்கு இந்த வேதியியலை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலத்தைச் சிறிதளவு வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அரை மணி நேரம் உள்ளே நிறுத்தி, பின்னர் நன்றாகப் பலமுறை அலசினோம். இவ்வகைப் பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் ஆதலால் மென்மையான இந்த அமிலத்தைத் தாங்கும். அலுமினிய ரேடியேட்டர் உள்ள கார்களில் இதைச் செய்ய வேண்டாம். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுவோரும் உள்ளனர். அது சுண்ணத்தோடு பற்றுவைப்பையும் தின்றுவிடும்.

ரேடியேட்டரின் முகத்தில் அடைந்திருந்த பூச்சிகளையும், உப்புக் காற்றில் ஒட்டிய மணலையும் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக நீர் விட்டு நீக்கினோம். தகடுகளைக் கம்பியால் குத்தலாகாது. அவை காகிதம் போன்றவை.

தெர்மாஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. முன்பு யாரோ ஒருவர் கழற்றி எறிந்திருக்கிறார். சூடாகிறதா, தெர்மாஸ்டாட்டைத் தூக்கி எறி என்பது நம் நாட்டு மெக்கானிக்குகளிடையே நெடுநாளைய வழக்கம். சிக்கிக்கொண்ட ஒன்றைக் கழற்றி அன்றைக்கு வீடு வந்து சேரலாம் என்பது மெய்யே. ஆனால் அது இல்லாத எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை அடைய நெடுநேரம் ஆகிறது. பெட்ரோல் மிகுதியாகச் செலவாகிறது. சிலிண்டர்கள் விரைவில் தேய்கின்றன. புதிது வாங்கினால் மாட்டுவதற்கு முன்னரே சோதித்துவிடலாம். அதன்மேல் 82 என்பது போன்ற ஓர் எண் பொறித்திருக்கும். திறக்கத் தொடங்க வேண்டிய வெப்பநிலை அது. ஒரு பழைய பாத்திரத்தில் நீர்விட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் வைத்து அடுப்பில் ஏற்றினால், அது மெல்ல வாய் திறப்பதைக் கண்ணாலேயே காணலாம். அந்தப் பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

பாயிண்ட் இடைவெளியையும் பார்த்தோம். நீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மகன் கேட்டான். தொடர்பு உண்டு. டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்டின் குதிப்பகுதி நாளடைவில் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறுகி, பொறி பிறப்பது பிந்துகிறது. பிந்திய பொறியால் எரியும் பெட்ரோல், பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தைச் சுவர்களுக்கும் புகைக்குழாய்க்கும் கொடுத்துவிடும். லூகாஸ் வகை டிஸ்டிரிபியூட்டர்களில் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். இங்கே அதில் பாதி கூட இல்லை. ஃபீலர் தகடு ஒன்றும் திருப்புளி ஒன்றும் கொண்டு பத்து நிமிடத்தில் அது சரியாயிற்று. ஃபேன் பெல்ட் நன்றாகவே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் சற்றே தாழ்ந்தது.

ஓஸுக்கு எங்கே போவது? ஹெரால்டுக்குரியது என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பழைய ஓஸைக் கையோடு எடுத்துக்கொண்டு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ சென்று, உள்விட்டமும் வளைவும் பொருந்தும் வேறு வண்டியின் ஓஸைத் தேட வேண்டும். மகன் அடுத்த வாரம் அவ்வாறே சென்று, சுருள் கம்பியோடு கூடிய ஒன்றையும், மேல் ஓஸுக்கு ஒன்றையும், நான்கு கிளிப்புகளையும், தெர்மாஸ்டாட்டையும் வாங்கி வந்தான். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்ததால் அதுவும் புதிதாயிற்று. மூடிதானே என்று எண்ண வேண்டாம். நம் சென்னையின் சுந்தரம் பாஸ்னர்ஸ் நிறுவனம் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பித்தான் உலகறியப் பெயர் பெற்றது.

எல்லாம் மாட்டியபின், காய்ச்சி வடித்த நீரோடு கூலண்ட் திரவத்தை அதன் குப்பியில் குறித்த விகிதத்தில் கலந்து ஊற்றினோம். பனி உறையாத நம் நாட்டுக்கு அது எதற்கு என்று கேட்போர் உளர். கொதிநிலையை உயர்த்துவதோடு, துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுவே. ஆனால் அந்தத் திரவம் இனிப்புச் சுவை உடையது, கொடிய நஞ்சு. வடித்ததைத் தட்டில் விட்டு வைத்தால் குழந்தையோ நாயோ பூனையோ சுவைத்துவிடக்கூடும். மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே தங்கிய காற்று வெளியேறி மட்டம் தாழத் தாழ மெதுவாக நிரப்பினோம். கைப்புத்தகம் கூறும் அளவு முழுவதும் இம்முறை உள்ளே சென்றது.

அன்று மாலையே ஆசிரியர் ஓட்ட, அம்மையார் முன்னிருக்கையில் அமர, மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வரை சென்று மாதா கோவிலில் சற்று நேரம் இருந்துவிட்டு மீண்டார்கள். ஆவி இல்லை. மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்தபின் மூடியைத் திறந்து பார்த்ததில் நீர்மட்டமும் இறங்கவில்லை. மூன்று மாத ஓய்வூதியம் கேட்ட நோய் ஒரு மாதத்து மளிகைக் கணக்குக்குள் அடங்கிற்று. அந்த எஞ்சினுக்கு வேறு நோய்கள் இல்லை என்று நாம் கூறவில்லை. ஐம்பது ஆண்டு கடந்த எஞ்சினை ஒருநாள் திறக்கத்தான் வேண்டும். அந்த நாள் இந்த ஆண்டு வரவில்லை, அவ்வளவே.

இங்கே ஒன்றை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. வீட்டிலே செய்யலாம் என்று நாம் எழுதுவதால், கொதிக்கும் காரை எப்படியாவது வீடு வரை ஓட்டிவிடலாம் என்று யாரும் கொள்ள வேண்டாம். வெப்பம் காட்டும் முள் இல்லாத காரில் ஆவியே முதல் எச்சரிக்கை. அதைக் கண்டதும் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். மேலும் நான்கு கிலோமீட்டர் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கோணிவிடும், பிஸ்டன்கள் இறுகிக்கொள்ளும். அதன்பின் பட்டறைக்காரர் கேட்ட தொகை உண்மையாகவே தேவைப்படும். கொதித்து நிற்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றினாலும் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். ஆறவிட்டு, பிறகு ஊற்றுக. மேலே சொன்ன தயிராடையோ குமிழோ தென்பட்டால் நேரே நல்ல மெக்கானிக்கிடம் செல்க.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து பிரீமியர் பத்மினி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இதைப் போலத் தோன்றினும் வேறொரு நோய். அவருடைய கார் ஆவி கக்குவதில்லை. நண்பகலில் சிறிது தூரம் ஓடியபின் எஞ்சின் தானே நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துக் கிளப்பினால் ஒன்றும் நடவாதது போல ஓடும். இது பெட்ரோல் கொதிப்பது. எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்ட பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் சூட்டால் ஆவியாகிவிட, பம்பு ஆவியை இழுத்துக்கொண்டு வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வந்துவிட்டது. எத்தனால் கலப்பு பழைய கார்களின் பெட்ரோல் ஓஸ்களையும், பம்பின் உள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டையும், கார்புரேட்டரின் வாஷர்களையும் நாளடைவில் ஊறவோ வெடிக்கவோ செய்துவிடுகிறது. அந்த வாசகர் முதலில் செய்ய வேண்டியது, தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றி, கிளிப்புகளை இறுக்கி, எங்கும் கசிவில்லை என்று உறுதி செய்துகொள்வது. சூட்டில் கசியும் பெட்ரோல் தீயாகும். அடுத்து, குழாய் எஞ்சினையும் புகைக்குழாயையும் உரசிச் செல்கிறதா என்று பார்த்து, சற்றே விலக்கிக் கட்ட வேண்டும். வழியில் நின்றுவிட்டால் பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்றிச் சற்று நேரம் பொறுத்தால் வண்டி கிளம்பும். அவ்வாறு செய்யும்போது டிஸ்டிரிபியூட்டர் நனையாதபடி பார்த்துக்கொள்க.